பங்குனி இருபத்தெட்டு

இருங்க சிஸ்டர், இந்தப் பீடி இலையைச் சுத்திட்டு எழுந்திரிக்கேன். இல்ல, நீங்களே இங்கன உக்காந்துக்கிடுங்க. எழுந்திரிச்சேன்னா பொறவு உக்காருததுக்குப் பத்து நிமிசம் ஆகும். சொளவுத் தட்டு மடியில நிக்க மாட்டேங்கு. வயிறு முட்டி முட்டி வழுக்குது, புகையிலைத் தூளு பூரா சேலையில. அதான் ஸ்டூல் மேல சொளவை வெச்சுக்கிட்டு சாஞ்சு சுத்துதேன். தூளு நெடி உங்களுக்கு ஒத்துக்கிடாதுன்னா அந்த வாசப்பக்கமா உக்காருங்க.

கை நிக்காது, கோவிச்சுக்கிடாதீங்க. அத்தை பீடி கொடுக்கக் கடைக்குப் போயிருக்காவ. திரும்பி வரதுக்குள்ள இருநூறு பீடியாவது இங்க கெடக்கணும். நீங்க கேளுங்க, கை அது பாட்டுக்கு இலையை வெட்டும், தூளைப் போடும், நூலைச் சுத்தும். ஏழாப்பு பாதியில பள்ளிக்கூடத்தை விட்டுட்டு சொளவு முன்னால உக்காந்தவ நான். கைக்குக் கண்ணு வேண்டாம்.

ஏன் செக்கப்புக்கு வரலன்னு கேக்கீங்க. மூணு வாரமா வரல, சரிதான். உங்களுக்கு யாரு சொன்னா? யாரோ பொம்பளை காலையில போன் பண்ணிச்சா? பேரு சொல்லலையா? அது எதிர்வீட்டுக்காரியாத்தான் இருக்கும். அவளுக்குத்தான் அடுத்த வீட்டு அடுப்புல என்ன கொதிக்குன்னு தெரியாட்டா தூக்கம் வராது.

பேப்பர் இல்ல சிஸ்டர். அதான் வரல.

முதல் பிள்ளைக்கு ஆபரேஷன் பண்ணின பேப்பரு, ஸ்கேன் பேப்பரு, உங்க ஆஸ்பத்திரியில கொடுத்த அட்டை, எல்லாம் ஒரு மஞ்சப் பையில போட்டு அந்தா அந்த ஆணியில மாட்டியிருந்தேன். ஆடி அமாவாசைக்குக் கோயிலுக்குப் போயிட்டு வந்து பாத்தா ஆணி மட்டும் இருக்கு. பேப்பர் இல்லாம போனா உங்க டாக்டரம்மா என்ன சொல்லுவாவ? முந்தி ஒரு தடவை அட்டையை மறந்துட்டுப் போனதுக்கே வரிசையில நின்ன எல்லாருக்கும் கேக்கும்படி ஏசினாவ. எனக்கு அப்படி யாரும் சத்தமா பேசினா வாய் ஒட்டிக்கிடும். மண்டையை மட்டும் ஆட்டுவேன். என் வாழ்க்கையில நான் மண்டையை ஆட்டினதுதான் சாஸ்தி.

யாரு எடுத்தான்னு எனக்குத் தெரியும். சொன்னா வீட்டுல சண்டை வரும். உங்ககிட்டச் சொல்லுதேன், உங்களோட இருக்கட்டும். என் ஓரகத்தி. என் வீட்டுக்காரரோட அண்ணன் பொண்டாட்டி, செம்பகம். நேர்ல அக்கான்னுதான் கூப்பிடுவேன். உங்ககிட்டப் பேசும்போது அவ இவன்னு வருது, என்ன செய்ய, வயித்தெரிச்சல். அன்னைக்கு வீட்டுல எல்லாரும் கோயிலுக்குப் போனோம், அவ மட்டும் வரல. அவ எங்கயும் வர மாட்டா. அப்பம் பை எங்க போகும்? காலு முளைச்சா நடந்துச்சு?

முதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்கு விளங்கும். பாப்பாவை அந்தத் தொட்டில்ல ஒரு ஆட்டு ஆட்டுங்க, முழிச்சிரப் போறா. இவதான் மூத்தவ. ஒண்ணேகால் வயசு முடிஞ்சுட்டு. பங்குனி இருபத்தெட்டு.

பங்குனி இருபத்தெட்டுன்னா அவளா பொறந்ததுன்னு நினைக்கப்பிடாது. டாக்டர் எனக்குக் குறிச்ச நாளு சித்திரை பதினெட்டு. அதைக் கேட்டதுல இருந்து எங்க அத்தைக்குச் சோறு இறங்கல. சித்திரையில தலைப்பிள்ளை பொறந்தா குடும்பம் தெருவுக்கு வந்துரும்னு அவியளுக்கு. சோசியர்கிட்டப் போனாவ. அவரு பங்குனி இருபத்தெட்டு, காலையில ஒன்பதே காலுக்கு மேல பத்தரைக்குள்ளன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுத்துட்டாரு. அந்தச் சீட்டை எடுத்துக்கிட்டு டவுன்ல ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்க இருந்த டாக்டரம்மா, பிள்ளைக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு, தாய்க்கும் ஒரு குறையும் இல்ல, எதுக்கு அறுக்கணும்னு மாட்டேன்னுட்டாவ. அத்தை விடுவாவளா. அடுத்த ஆஸ்பத்திரியில சரின்னுட்டாவ.

எங்கிட்ட யாரும் கேக்கல சிஸ்டர். கேட்டாலும் நான் மண்டையைத்தான் ஆட்டியிருப்பேன், அது வேற. ஆனா கேக்கல. முதுகுல ஊசியைப் போட்டாவ, இடுப்புக்குக் கீழ எனக்குச் சொந்தமில்லாத மாதிரி ஆயிட்டு. ஒன்பது நாப்பதுக்குப் பிள்ளையை எடுத்தாச்சு. வெளிய அத்தை மணியைப் பாத்துட்டுச் சாமி கும்பிட்டாவளாம். பாப்பா மூச்சு விடத் திணறி எட்டு நாளு கண்ணாடிப் பெட்டிக்குள்ள கெடந்தா. எனக்கு ரத்தம் ரொம்பப் போயிட்டுன்னு ரெண்டு பாட்டில் ஏத்தினாவ. ஆறாம் நாளு காய்ச்சல். பத்தாம் நாளு தையல் பிரிஞ்சு சீழ் வச்சுட்டு. அதுக்குப் பொறவு ரெண்டு மாசம், ஒருநாள் விட்டு ஒருநாள், அந்தப் புண்ணுக்குள்ள துணியை வெச்சு வெச்சு எடுத்தாவ. பிள்ளைக்குப் பால் கொடுக்கக் குனிஞ்சா உயிர் போகும். இருமினா தலையணையை வயித்துல அமுக்கிக்கிட்டு இருமணும்.

இதெல்லாம்கூடப் போகட்டும். எனக்கு ஆத்தாத ஒண்ணு என்னன்னா, பாப்பாவைப் பாக்க வந்த சனங்கிட்ட அத்தை சொன்னாவ பாருங்க. "எங்க சின்னவளுக்கு வலின்னா என்னன்னே தெரியாது. படுத்தா, எடுத்துக் கையில கொடுத்துட்டான். பெரியவ அப்படியா? மூணையும் முக்கிப் பெத்தவ." அறுக்கச் சொன்னது யாரு? சீட்டை முந்தியில முடிஞ்சுக்கிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஏறி இறங்கினது யாரு? அறுக்கச் சொன்னதும் அவிய, அறுத்துப் பெத்தவன்னு சொல்லுததும் அவிய. இந்த நியாயத்தை நான் யாருகிட்டப் போயிக் கேக்க. எங்க அம்மைகிட்டச் சொன்னா, உள்ளதைத்தானே சொல்லுதாவ, பேசாம இருன்னு சொல்லுதா.

இந்த மூணையும் முக்கிப் பெத்தவ கதையை நீங்க கேக்கணும். மூத்தவன் நாலேகால் கிலோவாம். ரெண்டு நாளு வலியில கெடந்து, கடைசியில ஆயுதம் போட்டு இழுத்தாவளாம். அதை அத்தை ஊர் பூரா பெருமையாச் சொல்லுவாவ. செம்பகம் தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருப்பா. அந்தப் பெருமையிலதான் இவ்வளவு நோக்காடும். தண்ணிக் குடம் தூக்க மாட்டா சிஸ்டர். வாளியக்கூடத் தூக்க மாட்டா. எட்டு மாச வயித்தைத் தள்ளிக்கிட்டு நான் அடிபம்புல அடிச்சுத் தூக்கிட்டு வாரேன், அவ அரைக்குடம் அரைக்குடமாப் பிள்ளையளை வெச்சுத் தூக்குவா. பீடி சுத்தும்போது அரைமணிக்கு ஒருக்கா எழுந்திரிச்சுப் பின்னால போயிருவா. அத்தையே கேட்டுட்டாவ, "ஏளா, உனக்கு மட்டும் தனியா குழாய் வெச்சிருக்கா"ன்னு. எல்லாரும் சிரிச்சோம். நானும்தான் சிரிச்சேன். கல்யாணம் காட்சின்னா வர மாட்டா. பஸ்ஸுல ஏற மாட்டா. கோயிலுக்குள்ள வர மாட்டா. எந்நேரமும் பவுடரு, பவுடரு. வீட்டுக்குள்ள இருக்கவளுக்கு எதுக்கு இவ்வளவு பவுடரு? விடியக் கருக்கல்ல எழுந்திரிச்சுத் தன் துணியைத் தனியாத் துவைச்சு, யார் கண்ணுலயும் படாம வேலிக்குப் பின்னால காயப் போடுவா. நம்ம துணியோட சேந்தா அவ துணி கெட்டுப் போகுமாக்கும். தும்மல் வந்தா பாருங்க, காலைப் பின்னிக்கிட்டு நிப்பா, நாட்டியக்காரி மாதிரி.

என்ன சிஸ்டர், எழுதுதீங்க? எத்தனை வருசமாவா? எனக்கென்ன தெரியும். நான் வந்து நாலு வருசம், அப்பமே இப்படித்தான். மூத்தவனுக்குப் பன்னெண்டு வயசு. அவளைப் பத்தி எதுக்குக் கேக்கீங்க? நான் என் கதையைச் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

அது நோவா?

பெரிய பிள்ளையை ஆயுதம் போட்டு எடுத்தா உள்ள கிழியுமா. ம். ஒண்ணுக்கு நிக்காமப் போகுமா. இருமினா, தும்மினா, குடம் தூக்கினா. பஸ்ஸு குலுங்கினா. அதுக்கு மருந்தும் பயிற்சியும் ஆபரேஷனும் இருக்கா. இருக்குன்னா அவ போயிக் காட்ட வேண்டியதுதான? வாய் இல்லையா அவளுக்கு? பன்னெண்டு வருசமா ஒருத்திகிட்டயும் சொல்லாமலா இருப்பா? எனக்கு என்னமோ நம்பிக்கை இல்ல சிஸ்டர். சுகப்பிரசவம் ஆனவளுக்கு அப்படி வருமா. சுகப்பிரசவம்ல்லா அது.

சரி, அவ பேச்சு எதுக்கு. இப்பம் என் விசயத்துக்கு வாங்க.

பொங்கலுக்கு எங்க வீட்டுக்காரரு வந்தாவ. கேரளாவுல பேக்கரியில இருக்காவ, வருசத்துக்கு ரெண்டு தடவை வருவாவ. மூணு வருசத்துக்கு அடுத்தது கூடாதுன்னு ஆபரேஷன் பண்ணின டாக்டர் சொல்லியிருந்தாரு. அதை நான் அவியகிட்ட எப்படிச் சொல்ல? சொல்லணும்னுதான் வாய் வரைக்கும் வந்துச்சு. வெக்கமா இருந்துச்சு. பாப்பாவுக்கு வயசு திரும்பல, அதுக்குள்ள தள்ளிப்போச்சு.

ஏழாம் மாசம் ஸ்கேன் எடுத்தாவல்லா, அன்னைக்கு உங்க டாக்டரம்மா பேப்பருக்குப் பின்னால சிவப்புப் பேனாவால ஒரு படம் போட்டுக் காமிச்சாவ. கவுத்துப் போட்ட குடம் மாதிரி ஒரு படம். குடத்து வாயில ஒரு வடையைத் தட்டிப் போட்ட மாதிரி ஒண்ணு. "இதுதான் நஞ்சுக்கொடி. மேல இருக்க வேண்டியது கீழ வந்து வாசலை மறிச்சுக்கிட்டுக் கெடக்கு. பழைய தையல் மேலயே ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. உனக்கு வலி வந்தா பிள்ளை வரதுக்கு முந்தி ரத்தம் வரும், வந்தா நிப்பாட்டக் கஷ்டம். அதனால வலி வரவே விடக்கூடாது. பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில முன்னாடியே சேந்துரணும், ரத்தத்தை எடுத்து வெச்சுக்கிட்டுத்தான் ஆபரேஷன் பண்ணணும்"னாவ. பொறவு, "ஒருதடவை அறுத்தவங்க சில பேருக்கு அடுத்தது நார்மலாவும் ஆகும். உனக்கு அது கூடவே கூடாது"ன்னாவ. புரிஞ்சுதாம்மான்னாவ. நான் மண்டையை ஆட்டினேன்.

எங்க அத்தையும் பக்கத்துலதான் இருந்தாவ. வெளிய வந்ததும் என்ன சொன்னாவ தெரியுமா? "கேட்டியா, நார்மல் ஆகும்னு டாக்டரே சொல்லிட்டா." அவ்வளவு பேசினதுல அந்த அரை வரியை மட்டும் பொறுக்கி எடுத்துட்டாவ, அரிசியில நெல்லு பொறுக்குத மாதிரி. நான் சொல்லலாம்லா, இல்ல அத்தை, எனக்கு ஆகாதுன்னுல்லா சொன்னாவன்னு. பஸ் ஸ்டாப் வரைக்கும் சொல்லணும் சொல்லணும்னு நடந்தேன். பஸ்ஸு வந்துட்டு.

அவிய கணக்கு என்னன்னு உங்களுக்கு விளங்குதா? முதல்ல அறுத்தது எதுக்கு? சித்திரைக்கு. இப்பம் என்ன மாசம்? ஆவணி. தள்ளிப்போனாலும் புரட்டாசி, பெருமாள் மாசம். மாசத்துல ஒரு குத்தமும் இல்ல. பொறவு எதுக்கு அறுக்கணும்? "வலி வந்தா வரட்டும். தானாப் பொறக்கட்டும். இந்தத் தடவையாவது பிள்ளை பெத்தவன்னு பேரு வாங்கு." இதுதான் பேச்சு. அந்தப் பேப்பரை வெச்சுக்கிட்டு இருந்தா இவ ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு நிப்பான்னு ஒருநாள் அடுப்படியில வெச்சுச் சொன்னாவ. செம்பகமும் அங்கதான் நின்னா. அதுக்கு நாலாம் நாளு பையைக் காணும். அப்பம் என்ன அர்த்தம்? மாமியாளுக்கு நல்லபிள்ளையா நடக்கா. மூணையும் முக்கிப் பெத்த பெருமை அவளோட இருக்கணும், நானும் அறுக்காமப் பெத்துக் காட்டணும், இல்லாட்டா சாகணும். ரெண்டுல எது ஆனாலும் அவளுக்கு என்ன.

பேக்கரிக்குப் போன் போட்டேன். இப்படி இப்படின்னு சொல்ல ஆரம்பிச்சேன். ஓனர் நிக்காரு, அம்மை சொல்லுதபடி கேளு, வெச்சிருதேன்னு வெச்சுட்டாவ.

இன்னொண்ணு கேளுங்க. போன வாரம் செம்பகம் ஒத்தையில டவுனுக்குப் போனா. எதுக்குன்னு கேட்டா சீலைக்கு அடிப்பட்டை தைக்கக் கொடுக்கணுமாம். நாலு மைலு. பஸ்ஸு முன்னால நிக்கு, ஏற மாட்டேனுட்டு வெயில்ல நடந்தே போனா, நடந்தே வந்தா. கோட்டி பிடிச்சவ மாதிரி. கையில கட்டைப்பை வேற. வந்து என்னை உத்து உத்துப் பாக்கா. "உனக்கு எங்கயாவது ரத்தம் கித்தம் படுதா?"ன்னு கேக்கா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். எம் பேப்பரை எடுத்து வெச்சுக்கிட்டு எனக்கு நல்லது விசாரிக்க வந்துட்டா. ஒண்ணும் இல்லன்னுட்டேன். அப்பம் ஒண்ணும் இல்லதான்.

இப்பமா? நேத்துக் காலையில கொஞ்சம் பட்டுச்சு. கொஞ்சமாத்தான். வலி இல்ல சிஸ்டர், வலி இருந்தாச் சொல்லியிருப்பேன். நல்ல சிவப்பா, ரெண்டு மூணு தடவை. பாவாடையை ஊறப் போட்டு வெச்சிருந்தேன், நான் துவைக்கதுக்கு முந்தி அந்த மகராசி அலசிக் காயப் போட்டுட்டா, அவ வேலிக்குப் பின்னால, அவ துணியோட. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. காலையில இருந்து அவளைக் காணவும் இல்ல, மூணு பிள்ளையளையும் எதிர்வீட்டுல விட்டுட்டு எங்கயோ போனை வெச்சுக்கிட்டு நிக்கா.

ஏன் சிஸ்டர் எழுந்திரிச்சுட்டீங்க. வலி இல்லன்னுதான சொன்னேன். வலி இல்லாம வந்தாத்தான் பயப்படணுமா? இன்னைக்கும் பட்டுச்சு, காலையில ஒருக்கா, இப்பம் நீங்க வரதுக்கு முந்தி ஒருக்கா. அதான் எழுந்திரிக்கலன்னேன். உக்காந்தே இருந்தா நிக்கும்னு நினைச்சேன். இந்தக் கட்டை முடிச்சுட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். சொளவை எடுக்காதீங்க, தூளு கொட்டிரும். யாருக்குப் போன் போடுதீங்க? நூத்தியெட்டுக்கா? வேண்டாம் சிஸ்டர், அத்தை வரட்டும். அவிய வராம நான் எங்கயும் போனா பொறவு இந்த வீட்டுல நான் எப்படி இருக்க.

என்ன? ஏற்கெனவே கூப்பிட்டாச்சாமா? வண்டி புறப்பட்டு வந்துக்கிட்டு இருக்கா? இந்தத் தெருவுக்கா? யாரு கூப்பிட்டா, நீங்களா? நீங்க இல்லன்னா யாரு?

"ஏட்டி முப்பிடாதி, சொளவை வெச்சுட்டு வா. வண்டி தெரு முக்குல நிக்கு. நடக்காத, அவிய தூக்குக் கட்டில் கொண்டு வாராவ."

கேட்டீங்களா, அவ குரலுதான். செம்பகம். இவ்வளவு சத்தமா அவ பேசி நான் கேட்டதே இல்ல. இந்தா வாரேன்க்கா. பாப்பாவை யாரு பாத்துக்கிடுவா?

"எதிர்வீட்டுல சொல்லியாச்சு, வா. உன் பேப்பர் பூரா எங்கிட்ட இருக்கு. அத்தை அடுப்புல வெக்கதுக்கு முந்தி எடுத்து வெச்சேன். அன்னைக்கு டவுனுக்குப் போயி டாக்டர்கிட்டக் காட்டிக் கேட்டுட்டும் வந்துட்டேன். அத்தை வந்தா நான் பேசிக்கிடுதேன், நீ வாயைத் திறக்க வேண்டாம்."

பாத்தீங்களா சிஸ்டர், வண்டிக்குள்ள ஏறி உக்காந்துட்டா. பஸ்ஸுக்கே வராதவ. மடியில எம் மஞ்சப் பை. நான் சொன்னேம்லா, இவதான் எடுத்திருப்பான்னு, நீங்கதான் நம்பல. பாளையங்கோட்டை முப்பது மைலு, ரோடு பூராவும் குண்டும் குழியும், இவ எப்படி அவ்வளவு தூரம் குலுங்கிக்கிட்டு… சிஸ்டர், உங்க பையில பழைய துணி ஏதும் இருக்கா, எனக்கில்ல, அவளுக்கு, இவ்வளவு நாளும் நான் அவளைப் பாத்துச் சிரிச்சதை அவ

"ஏட்டி, வான்னு சொல்லுதேம்லா."

இந்தா வந்துட்டேன்க்கா, சிஸ்டர், அவகிட்ட நான் முதல்ல